இலைச்சாறும் சோதனைத் தட்டும்



பால்மரம் வெட்டும் கத்தி விரலில் பட்டுவிட்டால் "மஞ்சளைக் குழைத்து வை" என்பார்கள். குழந்தைக்குச் சளி பிடித்தால் கற்பூரவல்லிச் சாறு. கண் மஞ்சளானால் கீழாநெல்லி. நமது தோட்டப்புறங்களில் இந்தப் பேச்சு லயத்துக்கு லயம் கேட்ட பேச்சுதான். தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர், துணிமூட்டையோடு இந்த அறிவையும் சேர்த்தே கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்த இடத்தில் மலாய் அண்டை வீட்டாரும் அதே மஞ்சளைக் குஞிட் என்றும், அதே கீழாநெல்லியை டுக்கோங் அனாக் என்றும் சொல்லிப் பயன்படுத்தி வருவதைக் கண்டார்கள்.

இன்றோ அதே மஞ்சளும் பூண்டும் மாத்திரையாகவும் போத்தலாகவும் கடைகளில் வந்து நிற்கின்றன. "ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது", "கிருமிகளைக் கொல்வது", "ஆண்டி ஆக்சிடன்ட் நிறைந்தது" என்று அவற்றின் மேல் எழுதியிருக்கிறது. விலையும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு நாள் கூலியை ஒரு போத்தலுக்குக் கொடுக்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. ஆகவே, இந்தச் சொற்களின் பொருள் என்ன? இலைச்சாற்றைச் சோதிக்கும் வழக்கம் எப்படித் தோன்றியது? அந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? இவற்றை வரலாற்று வழியாக இன்று பார்ப்போம்.

ஒரு மருந்து கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், முதலில் கிருமியைத் தனியே வளர்க்கத் தெரிய வேண்டும். ஜெர்மனி நாட்டு மருத்துவர் ராபர்ட் கோக் இதற்காக அவித்த உருளைக்கிழங்குத் துண்டுகளைப் பயன்படுத்தினார். பிறகு 1881ஆம் ஆண்டளவில் இறைச்சிச் சாற்றில் ஜெலட்டின் கலந்து, அதைப் பாகுபோல உறையச் செய்து, அதன்மேல் கிருமிகளை வளர்த்தார். ஆனால் ஜெலட்டினில் ஒரு தொல்லை இருந்தது. கிருமி வளர்வதற்கு நம் உடம்புச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் உருகி நீராக ஓடிவிடும். போதாக்குறைக்குச் சில கிருமிகள் ஜெலட்டினையே கரைத்துத் தின்றுவிடும்.

இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் ஒரு குடும்பப் பெண். அவர் பெயர் ஃபேனி ஹெஸ்ஸே. அவருடைய கணவர் வால்டர் ஹெஸ்ஸே, கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். "உன் பழப்பாகு மட்டும் கோடை வெயிலிலும் உருகாமல் இருக்கிறதே, எப்படி?" என்னும் கேள்வி அவர்கள் வீட்டில் எழுந்தது. அதற்கு விடை, அகர் அகர்! ஆம் நேயர்களே, நம் வீட்டுப் பெண்கள் தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் காய்ச்சி, சாயம் சேர்த்து, தட்டில் ஊற்றி வெட்டித் தருகிறார்களே, அதே கடற்பாசிப் பொருள்தான். ஃபேனி நியூயார்க்கில் பிறந்தவர். ஜாவாத் தீவில் வாழ்ந்து திரும்பிய ஒரு டச்சுக் குடும்பத்தாரிடமிருந்து இதைத் தெரிந்துகொண்டிருந்தார். அகர் என்பது மலாய்ச் சொல். அது கொதிநிலைக்குப் பக்கத்துச் சூட்டில்தான் உருகும். உறைந்துவிட்டால் உடம்புச் சூட்டில் இளகாது. பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்னவும் முடியாது. 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய கட்டுரையில் கோக் அகரைக் குறிப்பிட்டார். அதைச் சொல்லிக் கொடுத்த பெண்ணின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1887இல், ஜூலியஸ் பெட்ரி என்பவர் மூடியுள்ள தட்டையான கண்ணாடித் தட்டை அமைத்தார். அன்று முதல் இன்று வரை உலகத்து ஆய்வுக்கூடங்கள் எல்லாவற்றிலும் பெட்ரித் தட்டும் அகருமே அடிப்படைக் கருவிகளாக இருந்து வருகின்றன.

அடுத்த பெரிய படி 1928இல் நடந்தது. லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்பவர் கிருமி வளர்த்து வைத்திருந்த ஒரு தட்டில் பூஞ்சணம் விழுந்து வளர்ந்துவிட்டது. அந்தப் பூஞ்சணத்தைச் சுற்றி மட்டும் கிருமிகள் அழிந்து, தட்டு தெளிவாக இருந்தது. அந்தப் பூஞ்சணம் சுரந்த பொருளுக்குப் பெனிசிலின் என்று பெயரிட்டார். ஆனால் அதைப் பிரித்தெடுத்து மருந்தாக்கும் வேலை பத்தாண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் அதை மேற்கொண்டனர். 1940ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் தேதி, கொடிய கிருமிகள் செலுத்தப்பட்ட எட்டு எலிகளில் நான்குக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் மருந்து பெறாத நான்கும் இறந்து கிடந்தன; மருந்து பெற்ற நான்கும் உயிரோடு இருந்தன.

மருந்து எவ்வளவு வலிமையுள்ளது என்பதை அளக்க ஹீட்லி ஓர் எளிய முறையைக் கண்டார். கிருமி பரப்பிய அகர்த் தட்டின்மேல் சிறு குழாய்த் துண்டுகளை நிறுத்தி, அவற்றுக்குள் மருந்துச் சாற்றை விடுவது. சாறு அகருக்குள் ஊறிப் பரவும். அது எட்டிய தூரம் வரைக்கும் கிருமி வளராமல் தெளிந்த வட்டம் தோன்றும். அந்த வட்டத்தை அளப்பது. அவ்வளவுதான் முறை.

பூஞ்சணத்தில் இப்படி ஒரு மருந்து இருக்குமானால் செடிகொடிகளில் இருக்காதா? இந்தக் கேள்வி எழுந்ததும் அதே ஆக்ஸ்ஃபோர்டில் ஆஸ்பர்ன் என்னும் ஆய்வாளர் செடிகளை அரைத்துச் சாறு எடுத்துச் சோதிக்கத் தொடங்கினார். சுமார் 2300 வகைச் செடிகளைச் சோதித்து 1943இல் முடிவுகளை வெளியிட்டார். சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி ஒன்று, குடலில் வாழும் ஈ. கோலி கிருமி ஒன்று, இந்த இரண்டையும் எதிர்த்து ஒவ்வொரு சாறும் நிறுத்தப்பட்டது. பெரும்பாலான சாறுகள் ஒன்றும் செய்யவில்லை. சில சாறுகள் தெளிந்த வட்டம் காட்டின. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. புண்பட்ட வீரர்களுக்கு மருந்து தேவைப்பட்டது. ஆகவே பல நாடுகளிலும் இத்தகைய தேடல் மும்முரமாக நடந்தது.

அந்தத் தேடலில் சிக்கியது நம் அடுப்பங்கரைப் பூண்டு. 1944இல் அமெரிக்காவில் காவல்லிட்டோ, பெய்லி என்னும் இருவர் பூண்டிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு அல்லிசின் என்று பெயர். தட்டில் அது பலவகைக் கிருமிகளை ஒடுக்கியது. நசுக்காத பூண்டுப் பல்லில் வாடை அதிகம் இருப்பதில்லை. நசுக்கியவுடன் மூக்கைத் துளைக்கிறது. காரணம் என்னவென்றால், முழுப் பல்லில் அல்லிசின் கிடையாது. அல்லீன் என்னும் பொருள் ஓரிடத்திலும், அதை மாற்றும் நொதி வேறோர் இடத்திலும் தனித்தனியே இருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. இதை 1940களின் பிற்பகுதியில் ஸ்விட்சர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அப்படியானால் பூண்டு ஏன் பெனிசிலின்போல ஊசிமருந்தாகவில்லை? அல்லிசின் நிலைத்து நிற்காது. வைத்திருந்தால் சிதைந்துவிடும், சூடு பட்டாலும் சிதைந்துவிடும். வட்டம் காட்டியதெல்லாம் மருந்தாகிவிடாது என்னும் பாடத்தை முதலில் கற்பித்தது பூண்டுதான்.

இனி மஞ்சளுக்கு வருவோம். மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமினை 1815இலேயே ஃபோகல், பெல்லத்தியே என்னும் இருவர் பிரித்தெடுத்துவிட்டார்கள். அதன் உள்ளமைப்பு 1910இல் தெளிவாயிற்று. அது கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று 1949இல் ஜெர்மன் ஆய்வாளர் இருவர் எழுதினார்கள். ஆகவே புண்ணுக்கு மஞ்சள் வைத்த நம் பாட்டிமார் வெறும் மூடநம்பிக்கையில் அதைச் செய்துவிடவில்லை. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். மஞ்சள் தூளில் குர்க்குமின் இருப்பது நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்குதான். அது நீரில் கரைவது மிகக் குறைவு. வெளிச்சம் பட்டால் சிதையும். வாய் வழியாகச் சாப்பிட்டால் இரத்தத்தில் சேர்வது மிகமிகக் கொஞ்சம். ஆய்வுக்கூடத்தில் சாராயத்தில் கரைத்து எடுத்த தூய குர்க்குமின் செய்யும் வேலையை, ஒரு கரண்டி மஞ்சள் பால் உடம்புக்குள் போய்ச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்று இந்தச் சோதனை நடக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களே இதைச் செய்திருப்பார்கள். முதலில் செடியைச் சரியாக அடையாளம் கண்டு, ஒரு கிளையைக் காயவைத்து ஒட்டி, சான்றாகப் பத்திரப்படுத்துவார்கள். கீழாநெல்லி என்று நாம் சொல்லும் செடியிலேயே ஒன்றுபோல் தோன்றும் சில இனங்கள் உண்டு. எதைச் சோதித்தார்கள் என்பது தெரியாவிட்டால் முடிவுக்கு மதிப்பில்லை. பிறகு இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, ஒரு பங்கை நீரிலும் இன்னொரு பங்கைச் சாராயத்திலும் ஊறவைப்பார்கள். நீரில் இறங்கும் சத்து வேறு, சாராயத்தில் இறங்கும் சத்து வேறு. வடிகட்டி, வற்றச் செய்து கிடைப்பதே சாரம். 6 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் காகிதத் துண்டில் அந்தச் சாரத்தை ஏற்றி, கிருமி பரப்பிய அகரின்மேல் வைத்து, உடம்புச் சூட்டில் ஓர் இரவு விட்டுவிடுவார்கள். காகித வட்டங்களை வைத்துச் செய்யும் இந்த முறையை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பவர், கெர்பி முதலியோர் 1966இல் ஒழுங்குபடுத்தினார்கள். மறுநாள் வட்டத்தை அளவுகோல் வைத்து அளப்பார்கள்.

இதில் மிக முக்கியமானது பக்கத்தில் வைக்கும் இரண்டு காகிதத் துண்டுகள். ஒன்றில் வெறும் சாராயம் ஏற்றி உலர்த்தியிருக்கும். ஏனெனில் சாராயமே கிருமியைக் கொல்லும். அது செய்த வேலையை இலையின் கணக்கில் எழுதிவிடக் கூடாதல்லவா? மற்றொன்றில் ஏற்கெனவே நன்கு தெரிந்த மருந்து ஒன்று இருக்கும். அதோடு ஒப்பிட்டால்தான் இலையின் வலிமை விளங்கும். சில மைக்ரோகிராம் அளவிலேயே பெனிசிலின் போன்ற மருந்து கிருமியை ஒடுக்கிவிடும். இலைச்சாரத்தில் அதைப்போல நூறு மடங்கு தேவைப்படுவது சாதாரணம். அவ்வளவை இரத்தத்தில் சேர்ப்பதென்றால் எத்தனை கூடை இலை தின்ன வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! "கிருமியைக் கொல்வது" என்னும் சொல்லுக்குப் பின்னால் இந்தக் கணக்கு மறைந்து நிற்கிறது.

அடுத்தது ஆண்டி ஆக்சிடன்ட் என்னும் சொல். இது ஏதோ மருத்துவர்களின் சொல் என்று நினைக்கிறோம். உண்மையில் இந்தச் சொல் வளர்ந்த இடங்களுள் ஒன்று நமது ரப்பர்த் தொழில். பழைய ரப்பர் பட்டை பிசுபிசுத்துப் போவதையும், டயர் வெடித்து உளுத்துப் போவதையும் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள பிராணவாயு ரப்பரை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. எண்ணெய் சிக்குவாடை அடிப்பதும் இதனால்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சு நாட்டு மூரோ, டுஃப்ரெஸ் என்னும் இரசாயன அறிஞர்கள், விரைவில் கெட்டுப்போகும் ஒரு திரவத்தில் வேறொரு பொருளை மிகச் சிறிதளவு சேர்த்தாலே அது கெடாமல் நிற்பதைக் கண்டார்கள். பிராணவாயுவின் சிதைவைத் தடுக்கும் இத்தகைய பொருள்கள் ரப்பருக்கும் எண்ணெய்க்கும் பெரிதும் பயன்பட்டன. இயற்கை ரப்பர்ப் பாலிலேயே இத்தகைய காவற்பொருள்கள் உண்டு. டோகோடிரையினால் எனப்படும், வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் பால்மரத்துப் பாலில் இருப்பது 1960களில் வெளியிடப்பட்டது. செம்பனை எண்ணெயிலும் அதே பொருள்கள் நிறைய உள்ளன. நாம் தலைமுறை தலைமுறையாக வெட்டிய மரமும், சுமந்த குலையும் இந்த வரலாற்றில் இடம்பெற்றிருக்கின்றன என்பது நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

உடம்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் காட்டியவர்களுள் ஹங்கேரி நாட்டு ஆல்பர்ட் செண்ட்-ஜியோர்ஜி முக்கியமானவர். சில காய்கனிகள் வெட்டியதும் கறுத்துப் போகின்றன. எலுமிச்சை இனங்கள் அப்படிக் கறுப்பதில்லை. ஏன் என்று அவர் ஆராய்ந்தார். 1928இல் அதற்குக் காரணமான ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவே வைட்டமின் சி என்பது 1932இல் தெளிவாயிற்று. ஹங்கேரியில் தாராளமாக விளையும் குடமிளகாய் வகையிலிருந்து அதை நிறைய எடுத்தார். 1937இல் நோபல் பரிசு பெற்றார். இதை நீங்களும் வீட்டில் பார்க்கலாம். ஓர் ஆப்பிளையோ கத்தரிக்காயையோ இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் எலுமிச்சைச் சாறு தடவி, மறுபாதியைச் சும்மா வையுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒன்று கறுத்திருக்கும், மற்றது வெளுத்திருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் இதற்கென ஒரு வண்ணச் சோதனை உண்டு. டி.பி.பி.எச். என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓர் ஊதாநிறக் கரைசல் இருக்கிறது. ஆண்டி ஆக்சிடன்ட் பொருள் அதில் சேர்ந்தால் ஊதா மறைந்து மஞ்சள் நிறமாகும். எவ்வளவு மாறியது என்பதைக் கருவி கொண்டு அளப்பார்கள். இந்த முறையை பிளாய்ஸ் என்பவர் 1958இல் வெளியிட்டார். செலவு குறைவு, நேரமும் குறைவு. ஆகவே உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான இலைகள் இந்த ஊதாக் கரைசலைக் கண்டுவிட்டன. தேயிலையும் கொய்யா இலையும் கறிவேப்பிலையும் இதில் நன்றாகவே தேறுகின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சோதனைக் குழாயில் வயிறு இல்லை, ஈரல் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. குழாயில் நிறம் மாறியது என்பது அந்தக் குழாயில் நடந்ததைத்தான் சொல்கிறது.

இதை உலகம் விலைகொடுத்துத்தான் தெரிந்துகொண்டது. கேரட்டிலும் செம்பனை எண்ணெயிலும் காணப்படும் பீட்டா கரோட்டின் ஓர் ஆண்டி ஆக்சிடன்ட். காய்கறிகளை நிறைய உண்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று தெரிந்திருந்தது. அப்படியானால் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று எண்ணினார்கள். ஃபின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து 1985இல் ஒரு பெரிய சோதனை தொடங்கிற்று. 1994இல் முடிவு வந்தபோது யாவரும் திகைத்துப் போனார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது! அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற சோதனையும் அதே திசையில் முடிவு காட்டவே, 1996இல் அதை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். காய்கறி உண்பது நன்மை. அதிலிருந்து ஒரு பொருளை மட்டும் உருவி, மிகையான அளவில் விழுங்குவது வேறு செய்தி. ஆண்டி ஆக்சிடன்ட் என்று எழுதிய போத்தலைக் கையில் எடுக்கும்போது, குறிப்பாகச் சிகரெட் பிடிப்பவர்கள், இந்த வரலாற்றை நினைவிற்கொள்ள வேண்டும்.

நம் கீழாநெல்லியின் கதையும் கேட்கத் தகுந்தது. மஞ்சட்காமாலைக்குக் காரணமான ஹெபடைட்டிஸ் பி கிருமி, சிலருடைய உடம்பிலேயே நிலைத்துத் தங்கிவிடும். சென்னையில் ஆராய்ச்சியாளர்கள் அத்தகையோருக்கு 30 நாள் கீழாநெல்லி மருந்து கொடுத்து, 1988இல் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்துவிட்டது. வெறும் போலி மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே சென்னையைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அறிவியலின் நியதிப்படி ஓரிடத்தில் கிடைத்த முடிவு வேறிடத்திலும் கிடைக்க வேண்டும். பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் காணப்படவில்லை. ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. என்றாலும் அதை நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடும் அளவுக்குச் சான்று இல்லை.

"எங்கள் வீட்டில் கீழாநெல்லி குடித்துத்தானே காமாலை போயிற்று?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காமாலையில் பல வகை உண்டு. அசுத்தமான நீராலும் உணவாலும் வரும் ஒரு வகை, பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் குடித்ததற்கே பெயர் கிடைக்கும். இதனால்தான் குடிக்காதவர்களையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கிறது. 1747இலேயே ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு வகைப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தாம் விரைவில் எழுந்து நடமாடினார்கள். ஒப்பிட்டுப் பார்த்ததால் உண்மை விளங்கிற்று. ஹெபடைட்டிஸ் பி நோய்க்கு இன்று நல்ல தடுப்பூசி இருக்கிறது; மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1989 முதல் அது போடப்பட்டு வருகிறது.

சோதனைக்குச் சட்டப் பக்கமும் ஒன்றுண்டு. 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையம், மஞ்சளால் புண்ணை ஆற்றுவது தனது கண்டுபிடிப்பு என்று காப்புரிமை பெற்றது. நம் பாட்டியின் அடுப்பங்கரை அறிவுக்கு வேறொருவர் பெயரில் பட்டா! இந்தியாவின் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வழக்காடிற்று. பாட்டி சொன்னாள் என்று சொன்னால் அங்கே எடுபடாது. எழுத்துச் சான்று வேண்டும். பழைய சமஸ்கிருத ஏடும், 1953இல் வந்த மருத்துவக் கட்டுரையும் உள்ளிட்ட 32 சான்றுகளை அடுக்கினார்கள். 1997இல் அந்தக் காப்புரிமை நீக்கப்பட்டது. எழுதி வைத்திருந்ததால் அந்த அறிவு தப்பித்தது.

நமது மண்ணிலும் எழுதி வைத்தவர்கள் உண்டு. சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநராக இருந்த பர்க்கில் என்பவரும், முகமது ஹனிஃப் என்பவரும் மலாய்க் கிராம மருந்துகளைத் திரட்டி 1930இல் வெளியிட்டார்கள். 1935இல் மலாயாத் தீபகற்பத்துப் பயன்பொருள்கள் யாவற்றையும் பற்றி இரண்டு பெரிய தொகுதிகளைப் பர்க்கில் கொண்டுவந்தார். இன்றைய ஆய்வாளர்கள் எந்த இலையைச் சோதிக்கலாம் என்று தேடும்போது இத்தகைய ஏடுகளைத்தான் புரட்டுகிறார்கள். ஆனால் தோட்டத்துத் தமிழ்த் தாய்மார்கள் அறிந்திருந்த இலைகளில் எத்தனை ஏட்டில் ஏறியிருக்கும்? லயங்கள் கலைந்து, குடும்பங்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அறிந்த கிழவிகளும் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். ஆகவே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் பாட்டியிடம் உட்காருங்கள். என்ன செடி, எந்தப் பகுதி, எந்த நோய்க்கு, எப்படிச் செய்வார்கள், எப்போது கொடுக்கக்கூடாது என்பதைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஓர் இலையைக் காயவைத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஆனால் கிருமி வளர்க்கும் சோதனையை மட்டும் வீட்டில் செய்துவிடாதீர்கள். அது ஆய்வுக்கூடத்து வேலை.

இறுதியாக ஒரு முக்கியச் செய்தி. செம்பனை முள் ஆழமாகக் குத்தினாலும், மண் படிந்த கத்தி வெட்டினாலும், நாம் பயப்பட வேண்டியது இரண இசிவு என்னும் டெட்டனசுக்கு. அந்தக் கிருமியைக் கிட்டாசாட்டோ என்னும் ஜப்பானிய அறிஞர் 1889இல் தனியே பிரித்து வளர்த்தார். அது மண்ணிலும் சாணத்திலும் விதைபோல உறங்கிக் கிடக்கும். காற்றுப் படாத ஆழமான புண்ணுக்குள் போனால் விழித்துக்கொண்டு நஞ்சைச் சுரக்கும். தாடை இறுகும், உடம்பு வில்லாக வளையும், உயிரும் போகும். மேலே தடவும் மஞ்சள் அந்த ஆழத்துக்குப் போவதில்லை. சுரந்த நஞ்சை முறிக்கும் ஆற்றலும் அதற்கில்லை. பச்சைக் குழந்தையின் தொப்புளில் சாம்பலோ சாணமோ இலைச்சாறோ வைப்பதும் இதே ஆபத்தை அழைப்பதாகும். புண் பட்டால் ஓடும் சுத்தமான நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். சுத்தமான துணியால் மூடுங்கள். அன்றைக்கே கிளினிக்குக்குப் போய் டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள். அந்நாளில் தோட்டத்து டிரசர் இந்த ஊசிக்காக நம்மைத் துரத்தியது வீண் வேலையல்ல.

அதுபோலவே இலைமருந்து ஏதேனும் உட்கொண்டால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உதாரணமாக, இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் பூண்டு மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டால் இரத்தக் கசிவு ஏற்படக்கூடும். திட்டுவாரோ என்று பயந்து மறைத்தால் ஆபத்து நமக்குத்தான்.

நேயர்களே, இனி யாராவது ஒரு போத்தலைக் காட்டி "இது சோதிக்கப்பட்டது" என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். தட்டில் சோதித்தார்களா, குழாயில் சோதித்தார்களா, மனிதர்களிடம் சோதித்தார்களா? மனிதர்களிடம் என்றால், அதைச் சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டார்களா? வேறோர் இடத்திலும் அதே பலன் கிடைத்ததா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு பணப்பையைத் திறந்தால் போதும். ரசத்தில் பூண்டும், குழம்பில் மஞ்சளும், வேலியோரத்தில் துளசியும் எப்போதும்போல இருக்கட்டும்.